இணையதளம் போட்டாச்சு, கூகுளில் ஏன் வரவில்லை?

புதிதாக இணையதளம் தொடங்கியவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. தங்கள் கடைப் பெயரை அப்படியே கூகுளில் அடித்துப் பார்ப்பார்கள். தளம் மேலே வந்தால் சந்தோஷம். வராவிட்டால் தளம் செய்துகொடுத்தவருக்கு போன் போகும். உண்மையில் இந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை. உங்கள் கடைப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடிக்கத் தெரிந்தவர் ஏற்கெனவே உங்களை அறிந்தவர்தானே? வர வேண்டியவர் வேறொருவர்: உங்களைப் பற்றி எதுவுமே தெரியாமல், உங்களிடம் இருக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருப்பவர்.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு பேசலாம். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி என்று ஓர் ஊர். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பூவும் கொடியுமாக மின்னும் கற்கள் அங்கே செய்யப்படுபவை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள், சூளையில் சுடுவதில்லை. அப்படி ஒரு பட்டறை, தனக்கென ஒரு தளம் தொடங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெங்களூரில் வீடு கட்டும் ஒருவர், ராத்திரி சாப்பிட்டுவிட்டு போனை எடுத்து "ஆத்தங்குடி டைல்ஸ் சதுர அடி விலை" என்று தேடுகிறார். இந்தப் பட்டறை அவர் கண்ணில் பட என்ன செய்ய வேண்டும்? அந்த வேலைக்குத்தான் எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறிக்கு ஏற்றபடி தளத்தைச் சீர்செய்வது, என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கூகுள் எதைத் தேடுகிறது?

நாம் ஒன்றைத் தேடும்போது கூகுள் அந்த நொடியில் உலகத்துத் தளங்களையெல்லாம் போய்ப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே பார்த்துச் சேர்த்து வைத்திருக்கும் தன் கிடங்கில்தான் தேடுகிறது. கூகுள்பாட் என்ற நிரல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகள் வழியாகப் போய்ப் படித்துக்கொண்டே இருக்கும். படித்ததில் வைத்துக்கொள்ளத் தகுந்தவற்றைக் கிடங்கில் சேர்க்கும். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பு அங்கே இருக்கும். யாராவது தேடும்போதுதான் மூன்றாவது வேலை நடக்கும்: பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்துவது.

ஆக மூன்று கட்டங்கள். கண்டுபிடிப்பது, சேர்ப்பது, வரிசைப்படுத்துவது. எல்லோரும் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி. ஆனால் சிறிய தளங்கள் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது என் எண்ணம்.

சோதிப்பது சுலபம். கூகுள் தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதுங்கள். கூகுள் சேர்த்து வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் வரும். எல்லாமே வந்தாக வேண்டும் என்பதில்லை, ஓரளவுக்குத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றுகூட வரவில்லையா? வரிசையைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இப்படி வராமல் போவதற்குச் சில காரணங்கள் அற்பமானவை. தளம் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் 'அமைப்புகள்' பகுதிக்குள் 'வாசிப்பு' என்ற இடத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தளம் கட்டிக்கொண்டிருக்கும்போது அதில் டிக் போடுவார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். தளம் பாட்டுக்கு அழகாக ஓடிக்கொண்டிருக்கும், கூகுளுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். 1994 முதல் புழக்கத்தில் இருக்கும் ரோபாட்ஸ் கோப்பிலும் இதே கதை நடக்கும். எங்கே நுழையலாம், எங்கே நுழையக் கூடாது என்று நிரல்களுக்குச் சொல்வது அந்தக் கோப்பு. அதில் ஒரே ஒரு சாய்கோடு இடம் மாறி விழுந்தால் முழுத் தளமும் தடைபட்டுவிடும்.

இன்னொரு காரணம், வெளியிலிருந்து உங்கள் தளத்துக்கு ஓர் இணைப்புகூட இல்லாதது. இணைப்பைப் பிடித்துக்கொண்டு வரும் நிரல் வேறு எப்படி வரும்? இதற்கு கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதி இருக்கிறது. அதில் தளம் உங்களுடையது என்று நிரூபித்துவிட்டு, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்துவிடலாம். பெரும்பாலான தள மென்பொருள்கள் அந்தப் பட்டியலைத் தாங்களே தயாரித்துவிடும். போகிற போக்கில் ஒன்று: கூகுளில் சேர்ப்பதற்கோ, சாதாரண முடிவுகளில் மேலே வைப்பதற்கோ கூகுள் காசு வாங்குவதில்லை. "கூகுள் பதிவுக் கட்டணம்" என்று யாராவது பில் நீட்டினால், அந்தப் பணம் கூகுளுக்குப் போகவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் வரும் எஸ்.இ.ஓ. பாடங்களில் இந்தப் பகுதி இருக்காது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நம் பட்டறை தன் விலைப்பட்டியலை காரைக்குடியில் ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தயாரித்திருக்கும். அச்சுக்கு நன்றாக வந்த அதே பிடிஎஃப் தளத்திலும் ஏறியிருக்கும். திறந்து பார்த்தால் சுத்தமான தமிழ். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். பல சமயம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குப்பை வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. பாமினியில் திரையில் "அம்மா" என்று தெரியும்போது கோப்புக்குள் இருப்பவை நாலு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவின் வேஷம் தேடுபொறிக்குத் தெரியாது. அது உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். உலகத்தில் எவரும் அந்தக் குப்பையை அடித்துத் தேடப் போவதில்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறைதான் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அச்சுத் தொழிலும் பல தளங்களும் அதற்கு மாற நெடுங்காலம் பிடித்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே டாப், டாம் என்று குறியீட்டுத் தரங்கள் வந்தன. அதற்கு முன்பே டிஸ்கி, பாமினி எல்லாம் இருந்தன. இவற்றில் எழுதிச் சேர்த்த ஏராளமான நல்ல தமிழ், இன்றும் தேடலில் அகப்படாமல் கிடக்கிறது. உங்களிடம் அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் நிமிடத்தில் யூனிகோடாக்கிவிடும். அப்புறம் அந்த விலைப்பட்டியலை பிடிஎஃப்பாக மட்டும் வைக்காமல், பக்கத்திலேயே எழுத்தாகப் போடுங்கள். கல்லின் படத்திலேயே பெயரையும் அளவையும் விலையையும் பொறித்து ஏற்றுவதும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். கூகுள் படங்களை ஓரளவு புரிந்துகொள்ளும் என்றாலும், எழுத்தை எழுத்தாகக் கொடுப்பதற்கு ஈடாகாது. படத்துக்கென்று ஒரு மாற்றுரை எழுத இடம் இருக்கும். "ஐஎம்ஜி 2047" என்று விடாமல், "சிவப்பும் மஞ்சளும் கலந்த பூ வேலைப்பாட்டுக் கல், பத்து அங்குலம்" என்று எழுதலாம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான்களுக்கும் அதுதான் உதவும்.

இரண்டாவது சிக்கல், மக்கள் அடிக்கும் விதம். தமிழிலேயே யோசிப்பவர்களும் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள், அதிலும் ஆளுக்கொரு விதமாக. ஆத்தங்குடிக்கு ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று எழுத்துக்கூட்டல் பார்க்கலாம். இதில் பலவற்றை கூகுளே சமாளித்துவிடும். அதனால் எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தின் அடியில் குவிக்கத் தேவையில்லை. ஆனால் முழுக்கத் தமிழில் இருக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெங்களூர்க்காரரை எதிர்பார்ப்பது நடக்காது. முக்கியமான பக்கங்களுக்குத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று தனித்தனியாக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடுப்பது நல்லது. ஆங்கிலப் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கி, படித்துப் பார்க்காமலே போடுகிறார்களே, அதைவிடத் தமிழ்ப் பக்கம் இல்லாமலே இருக்கலாம்.

மூன்றாவது சின்ன விஷயம். பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுத்து வைக்கலாம், கூகுளுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அதை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரியும். "ஆத்தங்குடி" என்ற ஒரு சொல்லே தொண்ணூறு குறிகள் ஆகிவிடும். வாட்ஸாப்பில் அப்படி ஒரு முகவரி வந்தால் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார்கள். ஆகவே முகவரி ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும், தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும்.

என்ன எழுதுவது?

பெரும்பாலான வணிகத் தளங்களின் முகப்பில் என்ன இருக்கிறது? "எங்கள் நிறுவனம் தரத்திலும் சேவையிலும் முன்னணியில் திகழ்கிறது." இதை யாராவது தேடுவார்களா? தேடுகிறவர் ஒரு கேள்வியோடு வருகிறார். அந்தக் கேள்விகள் பட்டறைக்காரருக்கு நன்றாகவே தெரியும், தினமும் போனில் கேட்கிறார்கள். சதுர அடிக்கு எவ்வளவு? சமையலறையில் போடலாமா, எண்ணெய்க் கறை பிடிக்குமா? மாடியில் வெயிலில் போட்டால் நிறம் போகுமா? பதித்த பிறகு பாலிஷ் தேவையா? நான்கு கல் உடைந்தால் அதே பூவில் மறுபடி கிடைக்குமா? வெளியூருக்கு லாரி வாடகை யார் தருவது?

ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கான விஷயம். போனில் சொல்லும் அதே பதிலை, அதே நேர்மையோடு எழுதினால் போதும். குறிப்பாக விலை. விலையைத் தளத்தில் போடத் தயங்குகிறார்கள், போட்டிக்காரர் பார்த்துவிடுவாராம். போட்டிக்காரருக்கு விலை ஏற்கெனவே தெரியும். தெரியாதது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். சரியான தொகை சொல்ல முடியாவிட்டால், இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை, இன்னின்ன காரணத்தால் கூடும் என்றாவது எழுதலாம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான், சில சமயம் கூகுள் அதைத் தானே மாற்றியும் காட்டும். எல்லாப் பக்கத்துக்கும் "முகப்பு" என்று இருந்தால் யாருக்கு என்ன புரியும்? "ஆத்தங்குடி கல்லைச் சமையலறையில் பதிக்கலாமா?" என்று இருந்தால் தேடியவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். தலைப்பின் கீழே இரண்டு வரி விவரம் எழுதவும் வசதி உண்டு. அது வரிசையை நேரடியாக உயர்த்தாது. படித்துவிட்டுச் சொடுக்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய உதவும்.

தேடுசொற்களை வரிசையாக அடைத்து வைக்கும் மறைவான ஒரு குறிச்சொல்லும் இருக்கிறது. பலர் இன்னும் அதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூகுள் அதை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஒரே சொல்லை வரிக்கு வரி திணிப்பதும் பழைய காலத்து வித்தை. இன்று அது ஏமாற்று வேலையாகத்தான் எண்ணப்படும்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் ஐந்நூறு பக்கம் எழுதிப் போடலாமே என்ற ஆசை இப்போது எல்லோருக்கும் வருகிறது. 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளைத் திருத்தி, தேடல் வரிசையை ஏமாற்றுவதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதைத் தடை செய்தது. மனிதர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்பது அங்கே பிரச்சினை இல்லை. எண்ணெய்க் கறையை எப்படி எடுப்பது என்று பட்டறையில் வேலை செய்பவருக்குத் தெரிந்த ஒரு பக்கம், அந்த ஐந்நூறை விட மேல்.

இணைப்புகளும் குறுக்கு வழிகளும்

ஒரே கேள்விக்கு நூறு பக்கங்கள் பதில் சொல்லும்போது எதை மேலே வைப்பது? கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைக்கு மதிப்பு கூடுகிறது அல்லவா? அதேபோல ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் இணைக்கின்றன, இணைக்கும் அந்தப் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்கிட்டார்கள். 1998-ல் அவர்கள் வெளியிட்ட அந்த முறைக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். இன்று கூகுள் பார்க்கும் நூற்றுக்கணக்கான அடையாளங்களில் இணைப்பும் ஒன்று. ஆனாலும் அதன் செல்வாக்கு போய்விடவில்லை.

செல்வாக்கு இருக்கும் இடத்தில் விலையும் வந்துவிடும். அமெரிக்காவின் பழைய கடைத்தொடரான ஜே.சி. பென்னி 2010-ன் விடுமுறை விற்பனைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் வந்து நின்றது. நியூயார்க் டைம்ஸ் விசாரித்தபோது, சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் நட்டு வைத்திருந்தது தெரிந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று கடை சொன்னது. 2011 பிப்ரவரியில் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. அதற்கு முன் 2006-ல், கூகுளுக்கு ஒரு பக்கமும் வருகிறவருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் கொஞ்ச நாள் நீக்கி வைத்திருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி.

"ஆயிரம் பேக்லிங்க் மூவாயிரம் ரூபாய்", "முப்பது நாளில் முதல் பக்கம், உத்தரவாதம்" என்று வரும் மின்னஞ்சல்களை இந்தக் கண்ணோட்டத்தில் படியுங்கள். பேக்லிங்க் என்பது வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புதான். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

நம் பட்டறைக்கு நியாயமான இணைப்புகள் எங்கிருந்து வரும்? அதன் கல்லைப் பதித்த கட்டடக் கலைஞர்களிடமிருந்து. அவர்கள் தாங்கள் கட்டிய வீடுகளின் படங்களைத் தங்கள் தளத்தில் போடுவார்கள். "தரைக்கல் எங்களுடையது என்று ஒரு வரி போட்டு இணைப்புக் கொடுங்கள் சார்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கல் செய்யும் முறையைப் படத்தோடு விரிவாக எழுதி வைத்தால், செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்களும் அதைச் சுட்டுவார்கள். இப்படி வருஷத்துக்குப் பத்து வந்தாலும் போதும்.

வேகம், வரைபடம், விளம்பரம்

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். சிறிய தளங்களில் குற்றவாளி பெரும்பாலும் படம்தான், கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய ஐந்து எம்பி புகைப்படம். அதைச் சுருக்கி ஏற்றுங்கள். தளத்தைக் கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கூகுள் இப்போது சேர்ப்பது கைபேசிப் பதிப்பைப் பார்த்துத்தான். தகவலைப் பாதுகாப்பாக அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் அதையும் போட்டுவிடுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது.

கடையோ பட்டறையோ இருப்பவர்கள் தளத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது கூகுள் மேப்ஸில் வணிகப் பக்கத்தைத் தொடங்குவது. இதுவும் இலவசம். சரியான இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண், நல்ல படங்கள். செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காரில் இருந்தபடியே தேடும்போது வரைபடம்தான் முதலில் வரும். அங்கே பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் கூகுள் கணக்கில் எடுக்கிறது. மதிப்புரைகளுக்குப் பதில் எழுதுங்கள், திட்டி எழுதியவருக்கும் சேர்த்து. காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குவது விதிமீறல். படிக்கிறவர்களுக்கும் அது சுலபமாகத் தெரிந்துவிடும்.

விளம்பரம் வேறு கணக்கு. பணம் கட்டினால் இன்றைக்கே மேலே வரலாம், நிறுத்தினால் நாளைக்கே மறையலாம். விளம்பரம் கொடுப்பதால் சாதாரண முடிவுகளில் இடம் உயராது. தளம் புதிதாக இருக்கும்போது சிறு தொகைக்கு விளம்பரம் கொடுத்தால், எந்தச் சொல்லை அடித்தவர் போன் செய்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தத் தகவலே கொடுத்த காசுக்கு மேல். கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றும் வேலை யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் செய்து வைத்த மாதிரி இருக்கிறது, அதை விடக் கூடாது. வாட்ஸாப் குழுவில் நீங்கள் எழுதும் அருமையான பதில்கள் மட்டும் கூகுளுக்குத் தெரியாது. அவற்றை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒரு பக்கமாகப் போடலாம்.

எவ்வளவு நாள் ஆகும்?

கூகுள் தரப்பிலேயே சொன்ன கணக்கு: ஒரு தளத்தைச் சீர்செய்து பலன் பார்க்கப் பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை. அதுவரை தினமும் உங்கள் சொல்லை அடித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் இருக்கும் ஊர், பயன்படுத்தும் மொழி, முன்பு தேடியவை இவற்றைப் பொறுத்து உங்களுக்கு வரும் முடிவு வேறு, பெங்களூர்க்காரருக்கு வரும் முடிவு வேறு.

அதற்குப் பதில் மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறக்கலாம். எந்தெந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதத்துக் கணக்கு அங்கே இருக்கும். 2024-ல் கூகுள் தேடல் முடிவின் தலையிலேயே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் காட்டத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அது இந்தியாவுக்கும் வந்தது. காட்டப்படுவது கூடிக்கொண்டே போக, சொடுக்குவது மட்டும் குறைந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பொதுவான கேள்விக்குச் சுருக்கமே போதும் என்று போய்விடுவார்கள். விலை, மாதிரி, இருப்பு, லாரி என்று வரும்போது தளத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும். அந்தப் பக்கங்களில் போன் எண் மேலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்ச் கன்சோலின் அந்தக் கணக்கில் எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது இடத்துக்குள் நிற்கும் சொற்களை முதலில் எடுங்கள். கூகுள் உங்களைக் கவனித்துவிட்டது, மேலே ஏற்ற மட்டும் யோசிக்கிறது. நீங்கள் நினைத்தே பார்க்காத கேள்வி ஒன்று, உதாரணமாக "பழைய ஆத்தங்குடி தரையை மறுபடி பளபளப்பாக்குவது எப்படி" என்று அந்தப் பட்டியலில் இருக்கும். உங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்திருக்கும். பட்டறையில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஒரு வரியை முழுப் பக்கமாக எழுதுங்கள். படம் நாலைந்து சேருங்கள், பதிக்கும் முறை பற்றிய பக்கத்திலிருந்து இதற்கு ஓர் இணைப்புக் கொடுங்கள், அடுத்த மாதம் அதே சொல்லுக்கு எண் என்ன ஆனது என்று பாருங்கள்.